பதினொன்றாவது கை

டார்ட்டுவில் ஜனவரி.
நாலரை மணிக்கே ஜன்னல்கள் கறுத்துவிடும்.
உடற்பயிற்சிக் கூடத்தின் சாவி எங்களிடம், ஆறு மணி வரை.
ரேடியேட்டர் மேல் காயும் கம்பளிக் காலுறைகள்,
பதினொரு ஜோடி.

கூட்டத்துக்கு அடங்கிப்போவதைப் பற்றி
ஒரு நடனம் செய்வதாக
பள்ளி விழாவுக்குப் பெயர் கொடுத்திருந்தோம்.
யார் முதலில் சொன்னது என்று
யாருக்கும் நினைவில்லை.
எல்லோரும் தலையாட்டியது நினைவிருக்கிறது.

உடைக்கு என்ன நிறம்?
சாம்பல் என்றாள் லூலெ.
சாம்பல், சாம்பல், சாம்பல் என்று
வட்டம் சுற்றி என்னிடம் வந்து நின்றது.
மஞ்சள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சாம்பல் என்றேன்.
மூன்று வாரம் கழித்து லூலெயே சொன்னாள்:
எனக்கும் பிடிக்காத நிறம்தான்,
எதையாவது சொல்லித் தொடங்க வேண்டியிருந்தது.

விலகி ஆட ஒருத்தி வேண்டும்.
கை தூக்குங்கள் என்றான் அட்ஸ்.
பத்துக் கைகள் சாடேவுக்காக எழுந்தன.
அவள் முடியில் நீலச் சாயம், அதுதான் காரணம்.
சாடே கேட்டாள்:
"தனியாக நிற்பதற்கும் எனக்கு
எட்டு எண்ணிக்கை எழுதித் தருவீர்களா?"
சிரித்தோம்.
எழுதித் தந்தோம்.

பிறகு ஒருநாள் மிர்யம் சொன்னாள்,
ஆளுக்கு ஓர் அசைவு கொண்டுவரலாம்,
வேண்டாம் என்று நினைத்தபடியே செய்த ஏதாவது ஒன்று.
தோனிஸ் முதல் சிகரெட்டின் இருமலைக் கொண்டுவந்தான்.
லூலெ உள்ளிழுத்துப் பிடித்த வயிற்றை.
ரூபென் பாலத்தின் விளிம்பில் நடுங்கிய முழங்கால்களை;
குதி குதி என்ற குரல்களை
எங்களிடம் கொடுத்துவிட்டான்.
நான் என் வலது கையைக் கொண்டுவந்தேன்.
விரல்கள் சேர்ந்து வாயை மூடும்,
தோள் இரண்டு முறை குலுங்கும்.
அவ்வளவுதான்.

எங்கே நடந்தது என்று கேட்டார்கள்.
ஆறாம் வகுப்பில், பேருந்தில் என்றேன்.
யாரைப் பார்த்து என்று சொல்லவில்லை.

ஏணியின் உச்சியில்
விளக்குக்கு நிறத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தான் ரெய்கோ.
அந்தப் பேருந்தின் முன்சீட்டிலிருந்து
"பா... பா... பாலத்து நிறுத்தம்" என்று
ஓட்டுநரிடம் சொல்ல முயன்றவன்.
பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள்.
பத்தோடு பதினொன்று நான்.
அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
எனக்கு அன்று சிரிப்பே வரவில்லை என்பது
என் கைக்குப் பின்னால் இருந்தது.
அவனுக்குக் கை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எல்லோரும் அந்த அசைவைக் கற்றுக்கொண்டார்கள்.
வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க
நான் முன்னால் போய் நின்றேன்.
ஐந்து, ஆறு, ஏழு,
பத்துக் கைகள் பத்து வாய்களுக்குப் போயின.
இருபது தோள்கள்.
இசை இன்னும் முடிவாகவில்லை;
தரையில் காலுறை உரசும் சத்தம் மட்டும்.
முதன்முறையாக அந்தப் பேருந்தை
முன்சீட்டிலிருந்து பார்த்தேன்.

ஏணிப் பக்கம் தலை திருப்பத் தைரியமில்லை.
மேலிருந்து குரல் வந்தது:
"இ... இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.
கை வாய்க்குப் போகிற வழியில்
நின்றுவிடலாம் போல ஓர் இடம் இருக்கிறது.
வி... விளக்கை அங்கே வைக்கிறேன்."

தாடைக்கு நாலு விரற்கடை கீழே.
அதைக் கண்டுபிடிக்க மூன்று மாலைகள் ஆயின.
சாடே தன் எட்டு எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
வரிசைக்குள் வந்து நின்றுகொண்டாள்.
யார் விலகுவது என்று இப்போது எழுதிவைக்கவில்லை.
ஒவ்வோர் ஒத்திகையிலும்
யாராவது ஒருவர் கை அந்த வெளிச்சத்தில் நிற்கும்.
சில நாள் யாருடையதும் நிற்காது,
அன்று எல்லோரும் பேசாமல் காலணி மாட்டுவோம்.
என் கை இதுவரை இரண்டு முறை நின்றது.
அதில் ஒன்று தசைப்பிடிப்பு.

உடை சாம்பல்தான். துணி வாங்கியாயிற்று.

ஆறு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு
பனியை மிதித்துக்கொண்டு ஒரே பேருந்தில் ஏறுகிறோம்.
ரெய்கோ முன்சீட்டில்.
மற்றவர்கள் பின்னால், வழக்கமான சத்தத்தோடு.
நான் கம்பியைப் பிடித்தபடி
நடுவில் நிற்கிறேன்.
உட்கார இடம் இருக்கிறது.