பதினோராவது இடம்

யாத்தெங்காவில் மண்ணுக்குத் தோல் தடித்துப்போயிருக்கிறது.
ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு இரும்பு வளையம் அறைந்து
நீர் ஊற்றிக் கடிகாரம் பார்த்தேன்.
மணிக்கு நான்கு மில்லிமீட்டர்.
என் கணினியில் இந்த வடிநிலம் முழுக்க
அந்த ஒரே எண். மிச்ச மழை ஓடைக்கு.

பதினோராவது இடத்தில்
ஊற்ற ஊற்றக் காணவில்லை.
குடம் காலி.
‘பிழை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

தண்ணீர் சுமந்து வந்த தலாத்தோ எட்டிப் பார்த்தாள்.
போன கோடையில் அவள் குழி தோண்டிச் சாணம் போட்ட இடமாம்.
சாணத்துக்குக் கறையான் வந்தது,
கறையான் மழைக்கு வாசல் வைத்தது.

இதுபோல் எத்தனை குழி என்று கேட்டேன்.
“எண்ணிக்கொண்டா வெட்டுவார்கள்?”
காலிக் குடத்தை என் காலருகே நகர்த்தினாள்.
கிணறு மூன்று கிலோமீட்டர்.
இந்த நடை நீ போ.