'ங்க' இல்லாத பாஷை

பெருமாநல்லூர் ரோட்டில்
காலை எட்டரைக்கு
ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொண்டே ஸ்கூட்டியில் போகும்
ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்கலாம்.
போன் பேசுகிறேன் என்று
போலீஸ்காரர் ஒருமுறை ஓரங்கட்டினார்.
போன் பைக்குள் அணைந்து கிடந்தது.
"பொறவு யார்கூடப் பேசறே அம்மிணி?"
டென்மார்க்குக்காரரோடு என்று எப்படிச் சொல்ல?
"சாமி பாட்டுங்க சார்" என்றேன்.

ஏழு வருஷம் செக்கிங் டேபிள்.
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம்
கண்ணை மூடித் தடவினாலும் தெரியும்.
மெர்ச்சண்டைசர் நித்திலா
கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனதும்
முதலாளி சுற்றுமுற்றும் பார்த்து
"நீயே பேசிப் பழகிக்கோ" என்றார்,
ஸ்டூலை நகர்த்தச் சொல்வதுபோல.

மெயிலில் பயமில்லை.
தப்பென்றால் அதுவே சிவப்பாய்க் கோடு போடும்.
வாய்க்குத்தான் ரப்பர் கிடையாது.

இலக்கணம்கூடப் பரவாயில்லை,
என்னைத் தடுக்கியது வேறு.
எங்கள் பக்கம்
கடன் கேட்டு வந்தவரையும்
"இல்லீங்க" என்றுதான் அனுப்புவோம்.
வரப்புத் தகராறில் மண்வெட்டி ஓங்கியவரும்
"தள்ளி நில்லுங்க" என்பார்.
நோ —
கைத்துணி தராமல்
அடுப்பிலிருந்து இறக்கச் சொன்ன போசி.

அதனால் எல்லாவற்றுக்கும் எஸ் சொன்னேன்.
ஒரு வாரம் முன்னாடியா, எஸ்.
பீஸுக்கு ஆறு சென்ட் குறையா, எஸ்.
சொன்ன எஸ்ஸுக்கெல்லாம்
ராத்திரி இரண்டு மணிவரை லைன் ஓடியது.
பவர் டேபிள் பாவாத்தாக்கா
கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்:
"நீ என்னத்தச் சொன்னே அவங்ககிட்ட?"
அதற்கு எனக்குத் தமிழிலும் பதில் வரவில்லை.

அன்றிலிருந்துதான் ஹெல்மெட்.
நோ. நோ. நோ.
மூச்சில் கண்ணாடி மங்கும்,
சிக்னலில் பச்சை விழும்,
பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே திட்டுவான்.
அதற்குள் என் குரல்
எனக்கே கொஞ்சம் தடித்துக் கேட்டது.

அந்தப் புதன்கிழமை
இருபதாம் தேதிச் சரக்கைப்
பத்தாம் தேதிக்கு இழுக்க முடியுமா என்றார் யென்ஸ்.
பின்னால் முதலாளி தொண்டையைக் கனைத்தார்.
டையிங்கில் நேவி ப்ளூ இன்னும் ஈரம்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
பாவாத்தாக்கா ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.
"நோ" என்றேன்.
பிடிக்கப் பிடிக்க நிற்காமல் பின்னாலேயே வந்தது
"ங்க."

திரை ஒரு நொடி உறைந்தது.
நெட்டா மனுஷனா தெரியவில்லை.
"நோங்க?"
அந்த வார்த்தை தனக்குத் தெரியாதே என்றார்.
அவரும் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ்தானாம்,
வீட்டில் வேற பாஷையாம்.
இத்தனை மாசம் நான் திணறியபோதெல்லாம்
தன் காதில்தான் கோளாறு என்று
நினைத்துக்கொண்டிருந்தாராம்.

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
மரியாதை என்பதா,
கைத்துணி என்பதா?
"இட் மீன்ஸ் ட்வென்டியத்" என்றேன்.
"நாட் டென்த்."
குனிந்து எழுதிக்கொண்டார்.
முதலாளி என்னைப் பார்க்கவில்லை,
கால்குலேட்டரைப் பார்த்தார்.

வெட்னஸ்டே மட்டும் இன்னும் நாக்கில் சிக்குகிறது.
எழுதும்போது இருக்கும் அந்த டி
பேசும்போது எங்கேதான் போகிறதோ.
நாளைக்கு
பெருமாநல்லூர் தாண்டும்வரை
அதுதான்.