தொண்ணூற்றொன்பது

படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது:
பதில் இல்லையென்றால் 99.
மறுத்தால் 98. தெரியாது என்றால் 97.
இதைப் பழக ஒரு மதியம் போனது,
டீயும் இரண்டு பிஸ்கட்டும்.

ஆய்வின் பெயர் நீளம்:
அனல்மின் நிலைய விரிவாக்கமும்
சுற்றுப்புற மக்களின் ஏற்புநிலையும்.
நாங்கள் கரண்ட் சர்வே என்போம்.
படிவத்துக்கு நூற்றிருபது ரூபாய்,
ஷேர் ஆட்டோ என் கணக்கு.

நேற்று ராத்திரி திரவியம் சார் சொன்னார்:
ஒரு படிவத்தில் ஐந்து 99-க்கு மேல் வந்தால்
செல்லாதும்மா, தூக்கிடுவாங்க.
படிவத்தையா, காசையா என்று நான் கேட்கவில்லை.

எண்ணூர். மாதிரி எண் 41, அஞ்சலாட்சி.
வீட்டு வாசலில் சைக்கிள் டயர் உருட்டிய பையன்
"ஆத்துல கீது" என்றான்.
சாம்பல் குழாயை ஒட்டியே நடந்தேன்.
ஒரு மூட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது,
கஞ்சி போல, சூடில்லாமல்.

ஆற்றில்தான் இருந்தாள்.
குந்தியிருந்தாள், தலை மட்டும் வெளியே.
இரண்டு கையும் அடியில் சேற்றுக்குள்.
பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தாள்.
இறாலைத் தடவ ஒரு கை, அமுக்க ஒரு கை,
பறியைப் பிடிக்க வாய்.
எனக்கென்று அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

கரையில் நின்று உரக்கப் படித்தேன்:
மின் திட்டத்தால் இப்பகுதிக்கு நன்மை உண்டு.
ஒன்று என்றால் முற்றிலும் மறுக்கிறேன்,
ஐந்து என்றால் முற்றிலும் ஏற்கிறேன்.
எந்த நம்பர்க்கா?

பறிக்கு மேலே இரண்டு கண்கள்.
99.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு
உங்களைக் கூப்பிட்டார்களா?
99.

அதிகாரிகள் மேல் நம்பிக்கை, பத்துக்கு எத்தனை?
ஓர் இறால் பறிக்குள் போனது, விரல்நகம் அளவு.
99.

பதினேழாம் கேள்வி:
உங்கள் வீட்டில் தினமும் எத்தனை மணி நேரம் மின்வெட்டு?
மூக்கால் சிரித்தாள்.
தண்ணீரில் ஒரு சின்ன வட்டம் விரிந்தது.
சிரிப்புக்கு எண் தரப்படவில்லை.

ஓதம் ஏறத் தொடங்கியதும் எழுந்தாள்,
பறியை இடுப்பில் செருகி, வாயைத் துடைத்து,
"இன்னா படிச்சிக்கினே கீற நீ?
பறிய கவ்விக்கினு கீறவளாண்ட கேட்டா
பதில் எங்கேர்ந்து வரும்?"

மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் முதல் கேள்வி.
ஒன்றா, இரண்டா, மூன்றா?

"மொத மொத ஒரு பேன்ட்டு போட்ட ஆளு வந்தான்.
அன்னிக்கு இதே எடத்துல நின்னா தண்ணி இங்க."
கழுத்தைத் தொட்டாள்.
"அப்பால ஒரு கண்ணாடிக்காரப் பொண்ணு. இங்க."
மார்பு.
"இன்னிக்கு நீ வந்துகீற. பாத்துக்க."
இடுப்பு.
"சாம்ப மேல ஏற ஏற நானும் மேல ஏறிக்கினே கீறேன்.
இத எழுதிக்க. ஒண்ணு ரெண்டுலாம் வாணாம்."

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு:
பிற, குறிப்பிடவும்.
அரை வரி இடம்.
இடுப்பு என்று எழுதினேன்.
எழுதியதும் அசிங்கமாகத் தெரிந்தது,
தையல்காரர் அளவெடுத்த துண்டுச்சீட்டு போல.

அவள் போய்விட்டாள்.
99-களை எண்ணினேன். பதினாறு.
எல்லாவற்றையும் மூன்றாக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்?
மூன்று என்றால் நடுநிலை.
நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு பெண்ணை
நடுவில் நிறுத்திவிடலாம்.

கரை ஏறும்போது சாம்பல் சேறு வழுக்கியது.
ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் படிவப் பலகை.
பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
பைக்குள் போன் அடித்தது,
திரவியம் சாராகத்தான் இருக்கும்,
எத்தனை முடிந்தது என்று கேட்க.

அடித்துக்கொண்டே இருந்தது.