சுரண்டிய தாளில் மை ஊறும்

எவால்ட் ஷ்னூர் இறந்த செய்தியை
மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்,
பனிச்சறுக்குப் போட்டி முடிவுகளுக்குக் கீழே.
"மெட்டுகளின் மன்னர்." யார் எழுதினார்களோ.
மன்னர் என் கூலியை
ஒரு தரமும் சொன்ன தேதியில் கொடுத்ததில்லை.

நான் அவருக்கு நகலெடுப்பவள்.
முப்பத்தொரு வருடம்.
அவர் பென்சிலில் கிறுக்குவதை
வயலினுக்கு, கொம்புக்கு, முரசுக்கு என்று
பிரித்து மையில் எழுதித் தருவது என் பிழைப்பு.

கெம்னிட்ஸில் காலுறை ஆலைக் கணக்கரின் மகன்.
நொய்க்கோல்ன் கொட்டகையில்
பேசாத படங்களுக்குப் பியானோ வாசித்த விரல்கள்.
வில்லன் வந்தால் இடது கை,
மழை வந்தால் வலது கை,
பீர் வந்தால் இரண்டும் நிற்கும்.

வார்த்தைகள் ஸீக்பெர்ட் லுபினருடையவை.
குள்ளமான மனிதர். எந்நேரமும் சளி.
மெட்டை ஒரு தரம் கேட்பார்,
டிராம் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டுவார்.
ஓர் அசை கூட மிஞ்சாது.
"மூன்றாம் மாடிச் சீமாட்டி"
இருநூற்றுப் பன்னிரண்டு இரவுகள் ஓடியது அப்படித்தான்.
அந்த வால்ட்ஸை
நிலக்கரி வண்டிக்காரன்கூட விசிலடித்தான்.

பிறகு படம் பேசத் தொடங்கியது.
எவால்ட் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினார்.
முத்தத்துக்குப் பதினொரு விநாடி.
மாடிப்படி இறங்க ஒன்பது.
கதவு அறையும் முன் அரை விநாடி மௌனம்.

முப்பத்து மூன்று, இளவேனில்.
கையுறை கழற்றாத ஒருவர் வந்து
கால்மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.
எவால்ட் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
சவரக்கத்தியை என் மேசைமேல் வைத்தார்.
சிகரெட் வாங்கப் போனார்.
பெட்டி நிறையச் சிகரெட் இருந்தது. நான் பார்த்தேன்.

சுரண்டினேன்.
இருபத்தாறு பிரதிகள்.
அவர் கட்டளையிடவில்லை, நான் மறுக்கவில்லை,
நடுவில் கத்தி தானாக நடந்ததென்று
எனக்கே சொல்லிக்கொண்ட வருடங்கள் உண்டு.
லுபினர் மாவாக உதிர்ந்தார், என் மடியில்.
எழுந்து உதறினேன்.
அதே இடத்தில் ஹார்ட்விக் என்று எழுதச் சொன்னார்கள்.
ஹார்ட்விக் யாரென்று யாருக்கும் தெரியாது.
சுரண்டிய தாள் மையைத் தாங்காது, ஊறவிடும்.
ஒவ்வொரு ஹார்ட்விக்கும்
ஈரத்தில் செத்த சிலந்திபோல் கால் விரித்துக் கிடந்தார்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஓர் அஞ்சலட்டை.
திட்டியிருப்பார் என்று நினைத்தேன்.
"இரண்டாம் அங்கம், மூன்றாம் இயைபு சொத்தை.
மாற்றிவிடு. உனக்கு வராது, லீஸ்பெத்தைக் கேள்."
அவ்வளவுதான்.
அதன் பிறகு அட்டை இல்லை.

குண்டு விழுந்த வருடங்களில் சிரிப்புப் படங்கள்.
நிலவறையில் மெழுகுவர்த்தி வைத்து
குதிரைவண்டிப் பாட்டை நகலெடுத்திருக்கிறேன்;
கூரை அதிர, சுரங்களுக்கு வால் முளைத்தது.
பிறகு மியூனிக்கில் மலைப் படங்கள்.
மான், வனக்காவலர், மணி கட்டிய பசு.
அதே வால்ட்ஸ், வேகம் குறைத்து,
பசுவுக்கு.

ஐம்பத்தைந்தில் வீஸ்பாடனில்
சீமாட்டியை மறுபடி மேடையேற்றினார்கள்.
அவர் பக்கத்து இருக்கையில் நான்.
மூன்றாம் இயைபு நெருங்கும்போது
எவால்ட் எழுந்து வெளியே போனார்.
பதினான்கு விநாடி கழித்து வந்தார்.
அடுத்த இரவும். அதற்கடுத்த இரவும்.
சட்டைப்பையில் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது.
நிகழ்ச்சித் தாளில் இன்னும் ஹார்ட்விக்.
திருத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
ஒரே வாக்கியம். நான்கு விநாடிகூட ஆகாது.
நானும் சொல்லியிருக்கலாம்.

நேற்று அவர் மனைவி பெட்டியைத் திறந்துவிட்டாள்,
காப்பகத்துக்குக் கொடுக்குமுன் தூசு தட்ட.
முதல் பிரதியில், அந்த இடத்தில்,
லுபினர் என்று எழுதிப் பார்த்தேன்.
ஊறியது. சிலந்தி மேல் சிலந்தி.

இரண்டாம் வயோலாவின் தாளை எடுத்தேன்.
கத்தி படாத ஓரத்தில், பென்சிலில்,
முழுப் பெயர்.
அதன் கீழே அந்த மூன்றாம் இயைபுக்கு
எனக்குத் தோன்றிய ஒரு சொல்.

அவ்வளவு நன்றாக இல்லை.
அவர் இருந்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு
அடித்திருப்பார்.