புறப்படும் எடை

துணிப்பையோடு சேர்த்துத் தராசில் தொங்கவிட்டேன்.
பையைக் கழித்தால்
ஆறு புள்ளி ஒன்பது கிராம்.
ஒரு கடிதம்கூட இதைவிடக் கனக்கும்.
நேற்று அலையாத்திக் காட்டில் சிக்கியது
எட்டைத் தொட்டது.

இரண்டு காட்டுக்கும் நடுவே
ஓர் ஆட்டுப்பாதை, ஒரு முள்கம்பி வேலி,
லியோபோல்டின் செத்துப்போன டிராக்டர்.
அவ்வளவுதான் தூரம்.
அந்தப் பக்கம் கறுப்புச் சேறு, மூச்சுவேர்,
மார்ச்சிலும் கொசு மொய்க்கும் நிழல்.
இந்தப் பக்கம் சாயமரப் புதர்;
பிப்ரவரியிலேயே இலையைக் கொட்டிவிட்டு
எலும்பாக நிற்கும்.

கரிமேல் கங்கு வைத்தாற்போன்ற மூத்த ஆண்கள்
அக்டோபரில் வந்திறங்கியதும்
சேற்றை வளைத்துக்கொள்கின்றன.
சாம்பலில் மஞ்சள் தீற்றிய பெண்களை
விரட்டி விரட்டி வேலிக்கு இப்பால் தள்ளுகின்றன.
ஐந்து குளிர்காலமாகப் பார்க்கிறேன்.
படிவத்தில் இதற்கு மரியாதையான ஒரு சொல் உண்டு.
அதை எழுதும்போது மட்டும்
பென்சிலை அதிகம் அழுத்திவிடுகிறேன்.

இவள் காலில் வெள்ளைமேல் சிவப்பு வளையம்.
நெஞ்செலும்பு விரலில் தட்டுகிறது,
கத்தியின் முதுகு மாதிரி.
இறகை ஊதி விலக்கிப் பார்த்தேன்.
கழுத்துக்குழியில் கொழுப்பில்லை.
கடல் தாண்ட எண்ணெய் அதுதான்.
சேற்றுக்காரர்கள் போய் ஒரு வாரம் ஆகிறது.
இவள் மழைக்காக நிற்கிறாள்,
மழைக்கல்ல,
மழைக்குப் பிறக்கும் ஈக்காக.

எக்பர்ட்டும் போகவில்லை.
ஒன்டாரியோ ஆப்பிள் தோட்டத்துக்கு
ஊர் ஆண்களெல்லாம் பஸ் ஏறிய அன்று
கிங்ஸ்டன் டாக்டர் இவன் கையில் பட்டையைச் சுற்றி,
ரத்தக்கொதிப்பு, இறங்கினால் வா என்றார்.
தகரக் கூரையடியில் வெற்றுடம்போடு உட்கார்ந்து
உப்பில்லாத வாழைக்காயை விழுங்குகிறான்.
முந்திப் போனவனுக்கு ஜன்னலோரக் கட்டில்,
பிந்திப் போனவனுக்கு பாய்லர் பக்கம் என்று
என்னிடம் சொல்லவில்லை,
கூரையிடம் சொன்னான்.
நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே இரண்டாம் தேதி இரவு இடித்துக் கொட்டியது.
ஒன்பதாம் தேதி வலையில் மறுபடி அவள்:
ஏழு புள்ளி நான்கு.
பத்து: இருக்கிறாள், கேட்டது குரல் மட்டும்.
பதினொன்று: இல்லை.
பன்னிரண்டு: இல்லை.
'இல்லை' என்று எழுதிவிட்டுச்
சந்தோஷப்படுகிற உத்தியோகம்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அவள் நகத்தின் நுனி ஒன்று
என் உறையில் இருக்கிறது, அரிசிக் குருணையில் பாதி.
ஈ தின்ற இலை, இலை தின்ற வெயில்
எல்லாம் அதில் இருக்கிறதாம்.
வடக்கே மேப்பிள் மரத்தில் அமர்ந்திருக்கும்போதும்
அவள் நகம் இன்னும் சில வாரம்
இந்தக் காய்ந்த புதரைத்தான் பற்றியிருக்கும்.

மே கடைசியில் எக்பர்ட்டுக்கும் ரத்தம் இறங்கியது.
ஜூன் பாதியில் போன் செய்தான்.
பாய்லர் பக்கம்தான். இரவெல்லாம் உறுமுகிறது.
பிஞ்சு கழிக்கிற வேலை, ஏணிமேல் பத்து மணி நேரம்.
பிறகு, கேட்காமலே:
"இசில்டா, வேலி மரத்தில் உன் சாமான் ஒன்றைப் பார்த்தேன்.
சாம்பல் நிறம். வாலை விசிறியாக விரித்து விரித்து
மூடுகிறது."
கால் பார்த்தாயா?
"காலை யார் பார்த்தது.
ஆனால் பிந்தி வந்தது."
எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரம் பாய்லர் மட்டும் பேசியது.
"பக்கத்துக் கிளையிலெல்லாம் குஞ்சு கத்துகிறது.
இது இப்போதுதான்
வாயில் நாரோடு அலைகிறது."

மாத்திரை போட்டாயா என்று கேட்டேன்.