பருப்பு வேகாத ஊர்

நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில்
தண்ணீர் ஓர் அவசரக்காரி.
எண்பத்தாறு டிகிரியிலேயே
கொதித்துவிட்டேன் என்று குதிப்பாள்,
மூடியைத் தள்ளுவாள்.
அடியில் பருப்பு
கூழாங்கல்லாய்க் கிடக்கும்.

அதனால்தான்
சிலியின் இந்தச் செம்புச் சுரங்கத்தில்
டின் திறப்பான்தான் தலைமைச் சமையல்காரன்.
உப்பில் ஊறிய தொத்திறைச்சி,
பொட்டலத்திலிருந்து கரையும் சூப்,
தூளாகி வந்து
மறுபடி நான் உருளைக்கிழங்கு என்று
பொய்ச்சத்தியம் செய்யும் மாவு.
எர்மிந்தா என்கிற நான்
பதினோரு வருடமாக அவனுக்கு எடுபிடி.

நிபால்தோ ஓட்டுகிற லாரியில்
ஒரு சக்கரம் இரண்டு ஆள் உயரம்.
பள்ளத்தின் விளிம்பில் அதைப் பின்னுக்கு ஏற்றி நிறுத்துகையில்
நடுங்காத கை
என் முன்னே தட்டை நீட்டியபோது நடுங்கியது.
"நூற்றெழுபதுக்கு நூற்றைந்து" என்றான்,
ஏதோ பஸ் நம்பர் போல.

ரத்தம் இறங்க வேண்டும்,
இல்லையென்றால் ஆள் இறங்க வேண்டும்.
ஒரு மாதக் கெடு.
கீழே, சமவெளியில், பாதிச் சம்பளம்.
மகளுக்குப் பல் மருத்துவப் படிப்பு
இன்னும் மூன்று வருடம் பாக்கி.

எனக்கு வைத்தியம் தெரியாது.
உப்பு டப்பாவைத் தூக்கி
மேல் அலமாரியில் வைக்கத் தெரியும்.

வியாழக்கிழமை லாரிக்கான பட்டியலில்
தக்காளி எழுதினேன், பரங்கி எழுதினேன்,
கீரை, ஆரஞ்சு, காய்ந்த பருப்பு ஒரு மூட்டை,
தோலோடு பட்டாணி.
கிடங்குக்காரன் ஹோவினோ சிரித்தான்:
"உன் பருப்பு இங்கே வேகாது, எர்மிந்தா."
உண்மைதான். இங்கே யாருடையதும் வேகாது.

தங்கை வீட்டிலிருந்து
பெரிய பிரஷர் குக்கரை இரவல் வாங்கினேன்.
முந்தின இரவே ஊறப்போட்டு
விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பேற்றினால்
கூடம் முழுக்கச் சீறும்.
எழுந்து வந்து
என்ன வெடித்தது என்று கேட்டார்கள்.

முதல் வாரம் கலகம்.
ஆட்டுக்குப் போடுவதை எங்களுக்கா என்றான் ஒருவன்.
பாதித் தட்டுகள் அப்படியே திரும்பின.
சிகரெட் பெட்டிக்குள் உப்பு கடத்திவந்து
மேசைக்கடியில் கைமாற்றினார்கள்.
பார்த்தேன்.
அதில் ஒரு கை நிபால்தோவுடையது.
அன்று இரவு எனக்குச் சரியான கோபம்,
அவன் தட்டை மட்டும் நான் கழுவவில்லை.

மூன்றாம் வாரம் என் உதவிப் பெண்ணுக்குக் காய்ச்சல்.
உரிக்க ஆள் இல்லை.
பட்டாணியைக் கூடையோடு மேசையில் கொட்டினேன்:
வேண்டுமானால் உரித்துத் தின்னுங்கள்.

டின் உணவு ஆறு நிமிடத்தில் முடியும்.
பட்டாணி முடியாது.
கட்டைவிரலால் கீறி,
ஒன்று, இரண்டு, ஏழு என்று எண்ணி,
ஒன்பது இருந்தவன் மற்றவனுக்குக் காட்டி.
இந்த மலையில் பச்சை என்பது
பயிற்சியாளர் தலைக்கவசத்தின் நிறம் மட்டும்.
அன்று நகக்கண்ணெல்லாம் பச்சை.
யாரோ மகனின் திருமணத்தைப் பற்றிச் சொன்னான்.
பக்கத்திலேயே நாலு வருடம் தின்றவனுக்கு
அவனுக்கு மகன் இருப்பதே
அப்போதுதான் தெரியும்.

பரிசோதனை நாள்.
நிபால்தோ மதியம் தாண்டி வந்தான்.
முகத்தில் எந்த எண்ணும் எழுதியிருக்கவில்லை.
பருப்பு கேட்டான்.
உப்பு கேட்கவில்லை.
ஒரு மணியை எடுத்து
மேசையில் வைத்து விரலால் நசுக்கினான்,
சிறிது நேரம் அதையே பார்த்தான்.

"முக்கால் வெந்திருக்கு" என்றான்.

பருப்பையா, ரத்தத்தையா
என்று நான் கேட்கவில்லை.
குக்கரை மூடி
திரும்பவும் அடுப்பில் ஏற்றினேன்.