விரல் வைத்த பக்கம்

செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி ஏலம்
மாலை நான்குக்குத் தொடங்கும்.
நாலு பத்துக்கு என் கைப்பேசி அலறும்.
"மேடம், திரை உறைஞ்சு போச்சு."
எடைமேடை செங்கோட்டுவேல்.
பின்னால் லாரி ஹாரன்,
என்னைப் பெயர் சொல்லாமல் யாரோ திட்டுவது.

மூட்டை எண்ணைக் கொடுத்தால்
ஒரு கணக்கு அதை அரைத்து
இத்தனையாவது வாளி என்று சொல்லும்.
கைவிட்டால் விலை, ஈரப்பதம், ஆலைப் பெயர்.
அவ்வளவுதான் ஹாஷ் இண்டெக்ஸ்.
வாளி நிரம்பினால் இரண்டாகப் பிரியும்.
பிரியும்போதுதான் வம்பு.

படிக்க வந்தவர் வாளிக்கே போடுவார்
ஒரு திண்டுக்கல் பூட்டு.
அதற்கொரு பேரேடு, சாவிக்கு வரிசை,
யார் யாருக்காக நிற்கிறார் என்று பார்க்க
ஒரு காவலாளி.
ஆத்தூர் வியாபாரி பட்டியலைப் பாதி படித்துவிட்டு
தட்டுவடை செட் தின்னப் போனால்
வாளி பிரியாது.
பிரிய நிற்பவர் பின்னால் எழுத நிற்பவர்,
அவர் பின்னால் மொத்தச் சேலம்.

ஞாயிறன்று ஏற்காடு பஸ்.
பதினான்காம் கொண்டை ஊசியில்
மேலே மிளகு லாரி ஒதுங்கி நின்றது,
ஏறுகிற வண்டிக்கே முதல் வழி.
கீழ் வளைவில் ஒரு புல்லட்
தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.
அடிவாரத்தில் யாரும் மலையைப் பூட்டவில்லை.

அங்கேயே எனக்கு ஞானம் வந்தது
என்று சொன்னால் அழகாயிருக்கும்.
வந்தது வாந்தி.
ஞானம் புதன் இரவு,
அஸ்தம்பட்டி அறையில், மூன்றாம் காப்பிக்குப் பிறகு.

பூட்டைக் கழற்றினேன்.
பக்கத்துக்கு ஒரு தாழ்ப்பாள், அதுவும் நொடிக்குள்.
வேண்டியதை மடியில் அள்ளிக்கொண்டு
தாழ்ப்பாளைத் திறந்துவிடு.
அந்தப் பக்கத்தில் ஒரு விரல் மட்டும் இருக்கட்டும்:
"ஆள் இருக்கு."
விரலைச் சுற்றி மற்றவர் எழுதலாம்,
வாளி பிரியத் தொடங்கலாம்.
பாதி பிரிந்திருந்தால், தேடுபவர்
பழையதிலும் பார், புதியதிலும் பார்.
கூட்டிப் பெருக்க வருபவர் மட்டும்
எல்லா விரலும் எடுபடும்வரை பொறுக்க வேண்டும்.

தாழ்ப்பாளுக்குக் காவலாளி கிடையாது.
இரண்டு பேர் எதிரெதிரே மாட்டினால்
விடிய விடிய நிற்பார்கள், ஹாரன்கூட இல்லாமல்.
ஆகவே சுவரில் எழுதி ஒட்டினேன்:
பழைய வாளி முதலில். எப்போதும்.

வெள்ளிக்கிழமை நாலு பத்து. அழைப்பு இல்லை.
நாலு இருபது.
நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
நாலரைக்குச் செங்கோட்டுவேல்:
"என்ன மேடம் பண்ணீங்க?"
"ஏன், என்னாச்சு?"
"ஒண்ணும் ஆகல. அதான் கேக்கறேன்."

திரையில் பார்த்தேன்.
நானூற்றுப் பதினேழாம் பக்கத்தில்
இன்னும் ஒரு விரல்,
அரைமணி நேரமாக.
எடுக்கச் சொல்லவில்லை.
பீட்ரூட் ஒட்டியிருக்கும்,
துடைத்துக்கொண்டு வரட்டும்.